மகளின் படகு வீடு



"மகள் லண்டனில் எங்கே சார் இருக்கிறாள்?" என்று கேட்பவர்களிடம் "சொந்த வீடுதான்" என்று மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. அவளும் மாப்பிள்ளையும் ரீஜண்ட் கால்வாயில் ஒரு படகில் குடியிருக்கிறார்கள். வாடகை கட்டி மாளாமல் எடுத்த முடிவு. எனக்குத்தான் வெளியே சொல்லக் கூச்சம்.

போன ஜனவரியில் அங்கே தங்கினேன். 1820-இல் வெட்டி முடித்த கால்வாய் அது. படகின் அகலம் 7 அடிகூட இல்லை. அதற்குள் கட்டில், அடுப்படி, புத்தக அலமாரி எல்லாம் உண்டு.

நிலையான இடம் இல்லாத படகு 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். அன்று அந்த முறை. நல்ல வெயில், கடும் குளிர். மாப்பிள்ளை சுக்கான் பிடிக்க, மகள் கரையில் இறங்கி முதுகைக் கொடுத்து மதகுக் கதவைத் தள்ளினாள். தொட்டிக்குள் தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு மேலே ஏறியது. பனாமா கால்வாய்க்குக் கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டிருப்பேன்! கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கரி அடுப்பின் மேலேயே ரசம் கொதித்தது. மகள் கேட்டாள்: "ஊர்ல கேட்டா என்னப்பா சொல்றீங்க?"

"சொந்த வீடுன்னு."

சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். அதனால்தான் இந்தப் பதிவு. என் மகள் படகில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.