எடைக்குப் போட்ட சைக்கிள்

போன மாதம் ஒரு கூட்டாளி கேட்டான், “ஏல, இதுவரைக்கும் எத்தன வண்டி வச்சிருந்திருக்க?” என்று. விரல் விட்டு எண்ணினேன். பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிள், யமஹா ஆர்எக்ஸ் 100, ஸ்பிளெண்டர், எஸ்டி ரோட்கிங். மொத்தம் நாலுதான். வண்டிப் பைத்தியம் என்று ஊரில் பேர் வாங்கியவனுக்கு இது குறைச்சல். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது என்னுடையது இல்லை. ஆனால் விற்றது நான்.

1986இல் எனக்குப் பத்து வயது. பேட்டையில் அப்போது வாடகை சைக்கிள் கடைக்குப் போய் நின்றால் முதலில் கேட்பது பெயரை இல்லை, “யார் மவன்?” என்பதைத்தான். நோட்டில் எழுதி, மணியைக் குறித்துக்கொண்டு, கால் வண்டியா அரை வண்டியா என்று நம் உயரத்தைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, கழன்ற செயினை மாட்டுவதிலேயே போய்விடும். கையெல்லாம் கறுப்பு மை. அதை டவுசரில் துடைத்து அம்மாவிடம் அடி வாங்குவதும் வாடகையில் சேர்த்திதான்.

அரை வண்டியில் பழகினாலும் கண் என்னவோ அப்பாவின் ஹெர்குலிஸ் மேலேயே இருந்தது. 1974இல் வாங்கியது. 24 இஞ்ச் கறுப்பு வண்டி. கம்பி பிரேக், முழு செயின் கவர், பின்னால் நாலு கட்டு விறகு வைத்தாலும் வளையாத கேரியர். சென்னை அம்பத்தூரில் செய்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949இல் ஆரம்பித்த கம்பெனி அது. ஆனால் அப்பா அதை ‘இங்கிலீஷ் வண்டி’ என்றே கடைசிவரை சொன்னார். அதில்தான் குரங்குப் பெடல் போட்டேன். சீட்டில் ஏற உயரம் பத்தாது, பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாது. பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பைக் கோணிக்கொண்டு, பாதிப் பாதியாக மிதிக்க வேண்டும். அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். கையை எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கால் கரையில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ரொம்ப தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று மாறி மாறி வரும். ராத்திரி தெருமுனையில் டைனமோ வெளிச்சம் திரும்பினால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். 1980க்குப் பிறகு அவர் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக டிவிஎஸ் 50க்கு மாறினார்கள். அப்பா மாறவில்லை. “காத்தடிச்சா ஓடுது. எண்ணெய் வேற எதுக்கு?” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கேரியரில் வைத்து பாளையங்கோட்டை அத்தை வீட்டுக்கு மிதிப்பார். டவுண், ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம், பிறகு ஆற்றுப்பாலம். 1843இல் சுலோசன முதலியார் சொந்தக் காசில் கட்டிய பாலம் அது. பொண்டாட்டி நகையை எல்லாம் விற்றுக் கட்டினார் என்று ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கச் சொல்வார். ஏற்றத்தில் என்னை இறங்கச் சொல்ல மாட்டார். நானும் இறங்கியதில்லை.

1991இல் எனக்கு எஸ்எல்ஆர் வந்தது. அம்மாவின் ஒரு வளையல் அடகுக்குப் போனது. எங்கள் வீட்டுப் பாலம் அது. ஒல்லியான டயர், லேசான வண்டி. பள்ளிக்கூடத்துக்கும் பிறகு பேட்டை இந்துக் கல்லூரிக்கும் அதில்தான் போனேன். ஒரு லீவு நாளில் விடியற்காலை கிளம்பி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை எதிர்த்துப் போய் பாபநாசத்தில் குளித்தேன். திரும்பும்போது தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்குத்தான், இனி நினைத்த இடத்துக்கு யாரையும் கேட்காமல் போகலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு கெட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

1998இல் முதல் சம்பளக் காசுகளைச் சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். புது வண்டி வருவது இரண்டு வருஷம் முன்னாலேயே நின்றுவிட்டது. 98 சிசிதான். முறுக்கினால் முன் வீல் தரையில் நிற்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டே தெருவில் என்னை அடையாளம் சொல்வார்கள். பிரச்சினை என்னவென்றால், வண்டியை நிறுத்த இடமில்லை. வீட்டு முன்னால் இருந்த சின்ன நடையில் அப்பாவின் ஹெர்குலிஸ் நின்றது. அப்போது பின் வீலில் கோட்டம், சீட்டில் ஸ்பிரிங் போய் சாக்குத்துணி சுற்றியிருந்தது. எஸ்எல்ஆரை ஏற்கெனவே பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாயிற்று.

அப்பா முழு நைட்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். பழைய இரும்புக்காரர் தெருவில் வந்தார். தராசில் ஏற்றியபோது 22 கிலோ. கிலோ அஞ்சு ரூபாய். நூற்றுப்பத்து ரூபாய்க்கு அப்படியே ஆர்எக்ஸுக்குப் பெட்ரோல் போட்டேன். நாலு லிட்டர் சொச்சம் வந்தது.

சாயங்காலம் எழுந்து நடைக்கு வந்தவர் இடத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். “பரவால்லல. எடத்த அடச்சுக்கிட்டுதான் கெடந்துச்சு” என்றார். அன்றைக்கு ஷிப்டுக்கு நடந்து போனார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, “ஒனக்கு எதுக்குல செரமம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு உறைக்கவில்லை. 2006இல் ஓய்வு பெறும்வரை எட்டு வருஷம் நடந்தேதான் போய்வந்தார். முறுக்கிக்கொண்டு அவரைக் கடந்து போயிருக்கிறேன். பல தடவை.

கல்யாணம் ஆனதும் ஆர்எக்ஸை விற்று ஸ்பிளெண்டர் எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை மாதிரி ஓடும். கை கொஞ்சம் இளகியதும், 2011இல், 1984 மாடல் எஸ்டி ரோட்கிங் ஒன்று கிடைத்தது. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. 1996இல் ஆலையையே மூடிவிட்டார்கள். இரண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றுதான். உள்ளே அமுக்கிப் பின்னால் திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் மடக்கினால் கியர். அதைத் தெருப் பையன்களுக்குச் செய்து காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. ஒவ்வொரு சாமானாகத் தேடி வாங்கிப் பூட்டினேன். செலவுக் கணக்கை வீட்டில் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 17. கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காக வண்டி சிந்துபூந்துறையில் மெக்கானிக் அண்ணாச்சி ஷெட்டில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த வெள்ளம்தான். ஆறு ஷெட்டுக்குள் வந்து, கூரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. வெள்ளம் வடிந்து நான் போனபோது வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. டேங்கைத் திறந்தால் சேறு. கியர் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது. “கிக்கர மட்டும் மிதிச்சிராதிய. உள்ள மண்ணு கெடக்கு, எல்லாத்தையும் அறுத்துரும்” என்றார் அண்ணாச்சி. கிராங்க் பேரிங், மேக்னெட்டோ, பிஸ்டன் என்று முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டும்.

அதே ஷெட்டில் அண்ணாச்சியின் பழைய ஹெர்குலிஸ் ஒன்றும் மூழ்கிக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தினார். குழாயில் கழுவினார். செயினில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். காற்றடித்தார். ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சைக்கிளை எனக்குத் தருகிறீர்களா என்று மறுநாள் கேட்டேன். “தந்துட்டு நான் எதுல போவ?” என்றார்.

எஸ்டி ஓட ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வீட்டில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோறு போடும்போது அம்மா சொன்னாள். “நீ ஒரு வண்டிக்கு இந்தப் பாடு படுத. ஒங்கப்பாவும் அன்னைக்கு மறுநாள் வெள்ளன பழைய இரும்புக் கடைக்குப் போனாவ. லாரி ராத்திரியே போயிட்டுன்னுட்டான். ஒங்கிட்ட சொல்லாதன்னு சொன்னாவ.”

இருபத்தாறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அன்று சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

சுத்தமல்லியில் ஒரு பால்காரரிடம் ஒன்று கிடைத்தது. இரண்டாயிரம் ரூபாய். அதே 24 இஞ்ச், அதே கம்பி பிரேக். ஆனால் பச்சை. கொண்டுவந்து நடையில் நிறுத்தினேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது, மூட்டுத் தேய்மானம். வந்து பார்த்தார். பிரேக்கை அமுக்கினார். பெடலை முன்னோக்கிச் சுற்றிவிட்டு, வீல் ஓடுவதைக் குனிந்து பார்த்தார். “பின் வீல்ல கோட்டம் இருக்கு” என்றார். அவ்வளவுதான். காலைத் தூக்கிப் போட முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை நடையில் சைக்கிளும் இல்லை, அப்பாவும் இல்லை. பதறிப்போய் எஸ்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். டீக்கடைக்குப் பாதி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். ஓட்டவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, உடம்பின் பாரத்தை அதன் மேல் சாய்த்து, பைய உருட்டிக்கொண்டு போனார். கைத்தடி வாங்கித் தந்தபோது மாட்டவே மாட்டேன் என்று மூலையில் போட்டவர். இஞ்சினை அணைத்துவிட்டு, நானும் எஸ்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து சைக்கிளை நடையில் சாத்தியவர், “முன் டயர்ல காத்து எறங்கியிருக்கு. அடிச்சு வைல” என்றார். பம்பை எடுத்தேன்.