பின் ஸீட்டிலிருந்து ஒரு வார்த்தை

மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதன் பின் ஸீட்டில் உட்காருவது எப்படி என்று உங்களுக்கு யாராவது சொன்னதுண்டா? எனக்கு யாரும் சொன்னதில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் என் கணவர் வண்டியை வாசலில் நிறுத்தி, "ஏறு, கோயிலுக்குப் போய்விட்டு வரலாம்" என்றார். ஏறினேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்!

ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். அதிகாரியின் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பின்னால் உட்காருகிறவளுக்கு ஒன்றும் வேண்டாம். தைரியம் இருந்தால் போதும் என்று உலகம் நினைக்கிறது. எனக்குத் தைரியம் இருந்ததா? இல்லை. இருப்பதாகக் காட்டிக் கொண்டேன். அது 1998-ம் வருஷம். அப்படிக் காட்டிக் கொண்டே 11 வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

மாம்பலம் கடைத்தெருவிலிருந்து நாங்கள் திரும்பும் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மடியில் காய்கறிப் பை, இடது கையில் தேங்காய்ப் பை, வலது கை மட்டும் அவர் தோளில். ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பேன். புடவைத் தலைப்பு காற்றில் பறக்கும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையே கிடைத்த சந்தில் வண்டி புகுந்து புறப்படும். நான் கண்ணை மூடிக் கொண்டு முருகனைக் கூப்பிடுவேன். தனியாகப் போகும்போது எப்படி ஓட்டுவாரோ, அதே மாதிரிதான் நான் இருக்கும்போதும் ஓட்டுவார். ஒரே ஒரு தடவை, "கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா?" என்று கேட்டேன். "சரியான பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

2009-ல் ஒரு மழைக்கால மாலை. அடையாறில் ஒரு தெரு. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று இருட்டில் படுத்துக் கிடந்தது. கடைசி நொடியில் அவர் பிரேக் போட்டார். வண்டி ஏறித் துள்ளியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ரோட்டில் கிடந்தேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. நடைபாதைக் கல்லுக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாண்தான் இன்று உங்களிடம் என்னைப் பேச வைக்கிறது.

அன்றிரவு மாவுக்கட்டுடன் படுத்திருந்தேன். "இனிமேல் உனக்கு வண்டியைக் கண்டாலே பயமாக இருக்குமே!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். வலியில் என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "இது இன்றைக்கு வந்த பயம் இல்லை. முதல் நாளிலிருந்தே பயம்தான்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "ஒரு தடவை சொன்னேன், சிரித்தீர்கள்" என்றேன். அப்புறம் இருவரும் பேசவில்லை.

எட்டு மாதம் நான் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன், வந்தேன். அவரும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு விசேஷம். அவருடைய வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. என் தம்பி தன் வண்டியில் அவரைப் பின்னால் ஏற்றிக் கொண்டு போனான். திரும்பி வந்து இறங்கியதும் நேரே சமையலறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"பின்னால் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியவில்லையே! முதுகுதான் தெரிகிறது. எப்போது பிரேக் போடுவான், எந்தப் பக்கம் திரும்புவான், எங்கே பள்ளம், எதுவும் தெரியவில்லை. நீ 11 வருஷம் இப்படியா வந்தாய்?" என்றார்.

வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பின் ஸீட்டில் உட்கார்ந்து போக வேண்டும் என்பது என் கட்சி. ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்க்கிறார். உடம்பு தானாகவே தயாராகி விடுகிறது. ஹாண்டில் பாரும் கையில் இருக்கிறது. பின்னால் இருக்கிறவருக்குக் குலுக்கல் வந்த பிறகுதான் பள்ளம் தெரியும். அதோடு, ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறார். நாமோ ஏறக்குறையப் பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கு ஒரு குலுக்கல் என்றால் நமக்கு ஒரு துள்ளல்!

அன்றிலிருந்து நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஏறுவது. ஓட்டுகிறவர் இரு கால்களையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக் கொண்டு, "ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். இறங்குவதும் அப்படியே. இரண்டுக்கும் இடது பக்கம்தான் நல்லது. நம் ஊரில் நடைபாதை அந்தப் பக்கம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்ஸர் வலது பக்கம். கொதிக்கிற சைலன்ஸரில் கெண்டைக்காலைச் சுட்டுக் கொண்டவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

அடுத்தது உட்காருவது. சல்வாரோ கால்சட்டையோ அணிந்திருந்தால் இருபுறமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம். பாரம் நடுவில் இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்காது. புடவை கட்டிக் கொண்டு ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டுமென்றால், ஸீட்டில் நன்றாக உள்ளே தள்ளி உட்காருங்கள். பாதத்தை அதற்கென்று உள்ள படியில் ஊன்றுங்கள். ஒரு கை பின்புறத்துக் கம்பியில், இன்னொரு கை ஓட்டுகிறவர் இடுப்பில் இருக்கட்டும். தோளைப் பிடித்து இழுத்தால் அது அவர் கை வழியாக ஹாண்டில் பாருக்கே போய்ச் சேரும். கைகளில் பை கூடாது. தோளில் குறுக்கே மாட்டிக் கொள்ளுங்கள். தேங்காய்க்காக மணிக்கட்டைக் கொடுத்தவள் சொல்கிறேன்!

வளைவில் வண்டி சாய்ந்தால் நீங்களும் அதோடு சாயுங்கள். பயந்துகொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவர் பாடு கஷ்டமாகிவிடும். சிக்னலில் நின்றாலும் காலைக் கீழே தொங்க விட வேண்டாம்.

புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். உலகப் புகழ் பெற்ற நாட்டியக்காரி இஸடோரா டங்கன், 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்ஸ் தேசத்து நைஸ் நகரில் ஒரு திறந்த காரில் புறப்பட்டார். கழுத்தில் இருந்த நீண்ட பட்டுத் துணி சக்கரத்தில் சிக்கியது, உயிர் போயிற்று. இந்த வகை விபத்துக்கு இன்றும் டாக்டர்கள் அவர் பெயரையே சொல்வதுண்டு. நம் துப்பட்டா அதைவிட நீளம் குறைந்ததா என்ன? தலைப்பை முன்னால் இழுத்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாமல், கழற்றிப் பையில் வையுங்கள். இல்லாவிட்டால் இரு முனைகளையும் உள்ளே செருகிவிடுங்கள்.

இதையெல்லாம் சட்டமும் யோசித்திருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி நமக்காகவே எழுதப்பட்டது. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக் கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் உடை சிக்காதபடி சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் ஒரு தடுப்பு, ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர்கள் 'சாரி கார்டு' என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். அழகைக் கெடுக்கிறது என்று சில பிள்ளைகள் அதைக் கழற்றிப் பரணில் போட்டு விடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மாத்திரம் அல்ல. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, வண்டியில் போகிற நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது கட்டாயம். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து வாங்கின மலிவு ஹெல்மெட் தலையைக் காப்பாற்றாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவைப் பூட்டாமல் விட்டால் விழும்போது நமக்கு முன்னால் அது பறந்து விடும். "கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காரவில்லையே, பூவெல்லாம் கசங்குகிறதே!" என்பீர்கள். கூந்தலைத் தாழப் பின்னிக் கொள்ளுங்கள். பூவை வாழை இலையில் சுற்றிப் பையில் எடுத்துப் போய், போன இடத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பூவும் வாடாமல் இருக்கிறது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுகிறவரைத் தவிர இன்னும் ஒருவர்தான் வண்டியில் போகலாம் என்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-ல் வெளியான இந்த விதி 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. தூக்கம் வந்த குழந்தையை எந்தப் பட்டையும் இல்லாமல் இடுப்பில் வைத்துக் கொண்டு போன நாட்களை நினைத்தால் இப்போது எனக்கு நடுங்குகிறது.

இனி ஓட்டுகிறவர்களுக்கு. இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

ஐயா, பின்னால் ஒருவர் ஏறியதும் உங்கள் வண்டி வேறு வண்டி ஆகிவிடுகிறது. பாரம் பின்னால் போவதால் முன் சக்கரம் இலேசாகிறது. விளக்கு மேலே நோக்குகிறது. எதிரே வருகிறவர் கண் கூசுகிறது. வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தைப் பாருங்கள். ஒருவர் போனால் எவ்வளவு காற்று, இருவர் போனால் எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கும். இருவர் போகும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரைப் பாரத்துக்குத் தக்கபடி இறுக்கவும் வழி உண்டு. மெக்கானிக்கைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை.

எல்லாவற்றையும் விட முக்கியம் இடைவெளி. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 11 மீட்டரும் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். ஆகவே முன்னால் போகிற வண்டியிலிருந்து தள்ளியே வாருங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். வேகத்தடை வந்தால் "பிடித்துக் கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அன்று கிடைத்திருந்தால் என் மணிக்கட்டு முறிந்திருக்காது.

ஹெல்மெட்டும் காற்றும் சேர்ந்தால் பேச்சுக் காதில் விழாதே என்பீர்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தோம். இடுப்பில் ஒரு தட்டு என்றால் "மெதுவாக", இரண்டு தட்டு என்றால் "நிறுத்துங்கள்." ஏன் என்று கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து. ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு ஒரு தட்டு தட்டினேன். பாவம், பொறுத்துக் கொண்டார். போகப் போகத் தட்டுகள் குறைந்தன. அவர் நிதானமானதாலா, எனக்குத் தைரியம் வந்ததாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பெண் 2019-ல் லைசென்ஸ் வாங்கினாள். முதல் தடவை என்னை ஏற்றிக் கொண்ட அன்று, வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்து, "அம்மா, பயமாக இருந்தால் தட்டு" என்றாள். நாங்கள் 11 வருஷம் கழித்துக் கண்டுபிடித்ததை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சகோதரிகளே, பின் ஸீட்டில் இருக்கிற நாம் சாமான் மூட்டை அல்ல. வண்டியை ஒருவர் ஓட்டினாலும் பிரயாணம் இரண்டு பேருடையது. பயமாக இருந்தால் சொல்லுங்கள். சிரித்தால் மறுபடியும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவரை இன்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "பின்னால் உனக்கு எப்படி இருக்கிறது?" அவர் கேட்டால், தயவு செய்து உண்மையைச் சொல்லுங்கள்.