இந்த நோயாளி ஏன் வந்தார்?

தேவாரம் ஊரில் காலை பதினொரு மணிக்கே காற்று கதவை அடித்துச் சாத்தியது. திண்ணையில் அம்மா சொளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எட்டு மில்லிமீட்டர் காய் தனி, வெடித்தது தனி, நிறம் மங்கியது தனி. “வா தாயி, மாடியில இருக்கா. செல்லை இங்கனயே வச்சிட்டுப் போ.”

மாடியில் இருந்த அவர் மகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறார்; நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. பகல் வேலைதான், ராத்திரி ஷிஃப்ட் பெரும்பாலும் போனில் பேசுகிறவர்களுக்கு. நான் நுழைந்ததும் திரையை அணைத்துவிட்டார். நோயாளியின் பதிவு வெளியார் கண்ணில் படக்கூடாது. அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் அப்படி. பழைய நோட்டு ஒன்றில் மூன்று கற்பனை நோயாளிகளை எழுதிக் காட்டினார்.

மூவருக்கும் ஒரே கொலோனோஸ்கோபி. குடலைப் பார்த்ததோடு சரி என்றால் குறியீடு 45378. முதலாமவருக்கு 45 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை: ஸ்கிரீனிங், இசட்12.11. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டப்படி காப்பீடு முழுதாகக் கொடுக்கவேண்டும். 50 என்றிருந்த தொடக்க வயது 2021இல்தான் 45 ஆனது. மூன்றாமவருக்கு மலத்தில் ரத்தம். அது நோயறியும் பரிசோதனை. அவர் கையிலிருந்தும் பணம் போகும்.

“நடுவுல இருக்கவர்தான்க்கா சிக்கல்.”

அவருக்கு மூன்று வருடம் முன்பு குடலில் முளைத்த பாலிப் என்ற சதைக்கட்டியை எடுத்திருக்கிறார்கள். இப்போது நோவு ஒன்றும் இல்லை. திரும்ப முளைத்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். இதுதான் சர்வைலன்ஸ், கண்காணிப்பு. கோடிங் விதி இதையும் ஸ்கிரீனிங்காகவே எண்ணுகிறது: இசட்12.11, கூடவே பழைய பாலிப்பைச் சொல்லும் இசட்86.010 வரிசை. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் இவருக்கு ஜி0105. 24 மாதத்துக்கு ஒருமுறை அனுமதி. சாதாரண ஆளுக்கு ஜி0121, பத்து வருடத்துக்கு ஒருமுறை. தனியார் காப்பீடுகளில் பல கண்காணிப்பை இலவசக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்கிரீனிங்குக்கு வந்தவரிடம் பாலிப் அகப்பட்டால்? “வந்த காரணம் மாறாதுக்கா. அதான் முதல்ல. கெடச்சது ரெண்டாவது.” சுருக்குக் கம்பியால் எடுத்தால் 45385. தனியார் காப்பீட்டுக்கு 33, மெடிகேருக்கு பி.டி. என்று துணைக் குறியீடு (மாடிஃபையர்) ஒட்டவேண்டும். அதை விட்டுவிட்டால் இலவசம் என்று நம்பி வந்தவர் வீட்டுக்கு பில் போகும். சரியாக ஒட்டினாலும் பாலிப் எடுத்ததற்கு மெடிகேர்க்காரர் 2026 வரை 15 சதவீதம், 2027 முதல் 2029 வரை 10 சதவீதம் கட்டவேண்டும்; 2030இல்தான் அது ஒழிகிறது.

எனக்கு அந்த நடு ஆள்மேலேயே நினைப்பு. பில்லுக்குப் பயந்து அடுத்த முறை வராமல் இருந்துவிடக் கூடாதவர் அவர். அவரைத்தான் காசு கட்டச் சொல்கிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே பட்டது.

காபி கொண்டுவந்த அம்மா கேட்டார்: “நம்ம ஊரு இன்சூரன்சுல இது உண்டா?” மகள் தயங்கித்தான் சொன்னார். நம் பாலிசிகளில் நான்காம் எண் விலக்கு ஒன்று உண்டு: பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடையாது. நோவு வருமுன் பார்த்துக்கொள்ள நினைப்பவர் பெரும்பாலும் கைக்காசைத்தான் போடவேண்டும். அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்று ஒரு சார்ட்டில் டாக்டர் ‘ஃபாலோ அப்’ என்று மட்டும் எழுதியிருந்தாராம். எதற்கான ஃபாலோ அப்? பாலிப்பா, பழைய வயிற்றுவலியா? “ஊகிச்சு எழுதக்கூடாதுக்கா. கேட்டு அனுப்பிட்டேன். பதில் வர்றவரைக்கும் அது ஹோல்டுதான்.”