பழகிக்கொண்ட மடவை

காசிமேட்டில் மடவை மீன் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இது கடல் மடவையா, ஆற்று மடவையா?” ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி பாலபாடம் போன்றது. முன்னாளில் சுவைக்காகவே இதைக் கேட்டார்கள். எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றை மேய்ந்து கொழுத்த மடவைக்குத் தனி ருசி உண்டென்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். இன்றோ அதே கேள்வி நேர்மாறான நோக்கத்தோடு கேட்கப்படுகிறது. “கடல் மீன்தான் பாய், நம்பி எடுத்துக்க” என்று மீன்காரம்மா உறுதி சொன்ன பிறகே பை திறக்கிறது.

கடலும் ஆறும் ஒரே மீனுக்கு எவ்வாறு வீடாக முடியும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால் வியப்பு மிகும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. மீனின் உடல்நீரில் உள்ள உப்போ அதில் மூன்றிலொரு பங்கு அளவே. ஆகவே கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. தண்ணீர் நடுவிலேயே அதற்குத் தாகம். அந்த இழப்பை ஈடுசெய்யக் கடல்நீரையே குடிக்கிறது. கூடவே உள்ளே வந்த மிகை உப்பைச் செவுள்களில் உள்ள தனி அணுக்கள் வழியாக வெளியேற்றுகிறது. ஆற்றுநீரில் நிலைமை தலைகீழ். அங்கே நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே மீன் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தால் நீரை மிகுதியாகக் கழித்து, அதே செவுள்களால் நீரில் உள்ள சொற்ப உப்பை உள்ளிழுக்கிறது. வெளியேற்றிய உறுப்பே உள்வாங்கும் உறுப்பாகிவிடுகிறது! பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் தெரியும். மடவை, கொடுவா, பால்மீன் போன்றவற்றுக்கு இரண்டும் கைவந்த கலை. மடவை கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே கழிமுகத்துக்குள் வந்து வளர்கின்றன.

உப்போடு நடக்கும் இந்தப் போராட்டத்தைக் காண எண்ணூர் வரை செல்லவும் வேண்டியதில்லை. குளிர்காலத்தில் காசிமேட்டுத் துறைமுகத்தில் வட்டமிடும் கடற்காகங்களைப் பார்த்தாலே போதும். அவற்றின் கண்களுக்கு மேலே உப்பைப் பிரித்தெடுக்கும் சுரப்பிகள் உள்ளன. செறிந்த உப்புநீர் மூக்குத் துவாரம் வழியாகச் சொட்டும். கடற்பறவைகளின் இந்த இரகசியத்தை 1957ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் ஷ்மிட் நீல்சன் என்னும் அறிஞர். அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்திருந்தார். திமிலில் ஒட்டகம் தண்ணீரைச் சேமிக்கிறது என்று இன்றும் நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதில் இருப்பது கொழுப்பு. நீர் கிடைக்காத நாட்களில் ஒட்டகம் தன் உடல் வெப்பத்தை இரவில் 34 பாகை வரை தாழவிட்டு, பகலில் 40 பாகைக்கு மேல் ஏறவிடுகிறது. வியர்த்து நீரை வீணாக்காமலிருக்கும் உபாயம் இது. உடல் எடையில் கால்பங்கு நீரை இழந்தும் அது நடக்கும்.

உயிர்களுக்கும் அவை வாழும் நிலத்துக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி வெகுகாலம் முன்பே எழுதியவர் பஸராவின் ஜாஹிஸ். ஹிஜ்ரி 255இல், அதாவது 869 வாக்கில் மறைந்தவர். ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் அவருடைய பெருநூல் உயிரினங்களைப் பற்றியது. இளமையில் பஸராவின் கால்வாய்க் கரைகளில் மீன் விற்றுப் பிழைத்தவர் என்று சொல்வார்கள். துறைமுக ஊர்க்காரர், மீன் வியாபாரி. எங்கள் ராயபுரத்துக்கு நெருங்கிய உறவினர் போல எனக்குத் தோன்றுவார்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிவது அவசியம். ஒட்டகத்துக்கும் கடற்காகத்துக்கும் வாய்த்திருப்பவை எண்ணற்ற தலைமுறைகளில் அமைந்த இயல்புகள். ஒரே உயிர் தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்ளும் சரிக்கட்டல் வேறு. முன்னதற்குக் காலம் வேண்டும். பின்னதற்கு எல்லை உண்டு. இந்த வேற்றுமை எங்கள் பகுதியில் பலருக்குப் புலப்படுவதில்லை. புகையைப் பற்றியோ துர்நாற்றத்தைப் பற்றியோ யாரேனும் வாய்திறந்தால், “எல்லாம் பழகிடும் மச்சான், நாம இல்லையா?” என்று சமாதானம் சொல்லுகிற உறவினர் எனக்கு உண்டு. அவர் இருமிக்கொண்டேதான் அதைச் சொல்வார்.

பழகுவதன் விலை என்னவென்று எண்ணூர் மடவையிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வடசென்னையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையினர் 2000த்துக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த ஆய்வைச் செய்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்து மடவையையும், மாசு குறைந்த கோவளம் கழிமுகத்து மடவையையும் பிடித்து, அவற்றின் கல்லீரலை ஒப்பிட்டார்கள். எண்ணூர் மீனின் கல்லீரலில் கொழுப்பு சிதைவுற்றதன் அடையாளங்கள் மிகுந்திருந்தன. அச்சிதைவைத் தடுக்க வேண்டிய காப்புப் பொருள்கள் குறைந்திருந்தன. ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ எனப்படும் ஒன்றோ கூடியிருந்தது. உடலின் மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கட்டை அது. ஆக, மீன் செத்துவிடவில்லை, பழகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீடு இடியாதிருக்க ஓயாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவன் புது அறை கட்டுவது எப்போது? வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய ஆற்றலிலிருந்துதானே அந்தச் செலவு நடக்கிறது! எனக்கு இந்த ஆய்வு நம் குடும்பங்களைப் பற்றியதாகவே படுகிறது.

வெந்நீரின் கதையும் இதுவே. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கூடும் அந்தக் கழிமுகத்தில், அனல்மின் உற்பத்தியின் சூடான குளிர்விப்பு நீர் பல ஆண்டுகளாகக் கலந்து வந்திருக்கிறது. மீனுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் வசதி இல்லை. நீர் 10 பாகை சூடேறினால் அதன் உடல் இயக்கம் ஏறத்தாழ இரு மடங்கோ மும்மடங்கோ விரைகிறது. அதற்கேற்ப மூச்சுக்காற்றின் தேவை கூடுகிறது. அதே சூட்டினால் நீரில் கரையும் ஆக்ஸிஜனோ குறைந்துவிடுகிறது. தேவை ஏறும்போது வரவு குறைகிறது என்றால் எந்தக் குடித்தனம் நிலைக்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. கூழைக்கடாக்கள் கருந்தார் பூசியவை போலக் கரையில் நின்ற படங்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பறவையின் இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நீர் புகாத நெய்த துணி போல அமைந்திருக்கும். எண்ணெய் பட்டதும் அந்தப் பின்னல் கலைகிறது. நீர் தோலைத் தொடுகிறது. மிதப்பும் வெதுவெதுப்பும் போகின்றன. அலகால் இறகைக் கோதிச் சரிசெய்வது அதன் பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கத்தினாலேயே நஞ்சு வயிற்றுக்குள் செல்கிறது. இதற்கு எந்தத் தலைமுறையும் அதைத் தயார்செய்து அனுப்பவில்லை.

எண்ணூரில் நன்றாகச் செழித்திருக்கும் உயிர் ஒன்றும் உண்டு. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட சிறு சிப்பியினம் அது. கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, நிலைப்புக்காக அவை சுமந்துவரும் நீரிலோ இத்தகைய உயிர்கள் கடல் கடந்து பரவுகின்றன. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் இது தாங்குகிறது. நார்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஆற்றின் அடித்தரையில் கம்பளம் போலப் படர்கிறது. அதன் கீழே சேறு மூடிப்போவதால் இறால் புதைந்து வாழ இடமில்லை. சூழலுக்கு இசைவதில் இதைவிடத் தேர்ந்த உயிர் அந்த நீரில் இல்லை என்றே சொல்ல வேண்டும். கழுத்தளவு நீரில் இறங்கிக் கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் அங்கே பரம்பரையாக உண்டு. எந்தக் குழியில் இறால் பதுங்கும் என்பதை அவர்களுடைய விரல்நுனிகள் அறியும். அந்த விரல்களில் இப்போது தட்டுப்படுவது சிப்பி ஓட்டின் கூர்விளிம்பு. கையும் காலும் கிழிபட, பலர் நீரில் இறங்குவதையே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.