பிடித்தல்

பேராதனையில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன், தொண்ணூறுகளில் பின்லாந்துக்குப் போனவன். மாதத்தில் ஒரு தடவையாவது ஹெல்சிங்கியிலிருந்து பேசுவான். அண்மையில் பேச்சு மொழியின் பக்கம் திரும்பியது. பின்னிஷ் மொழி படிக்கத் தொடங்கியபோது தன்னை முதலில் வியக்க வைத்தது ஒரு வினைச்சொல் என்றான். 'பித்தா' என்பதே அது. தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு நினைவு வரும். அங்கேயோ அதன் பொருள் பிடித்தல். (ஈற்றில் வரும் உயிர், சிங்களத்தில் உள்ள அகன்ற நெடில் போன்றது. நம் எழுத்துக்குள் அடங்காது.)

கையில் ஒன்றைப் பிடித்திருப்பதற்கும் அதுதான்; ஒருவரை விரும்புவதற்கும் அதுதான். 'மினா பிடன் சினுஸ்தா' என்றால் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்'. தன்மையில் வரும்போது இடையிலுள்ள வல்லொலி மெலிந்து, நம் சொல்லை இன்னும் நெருங்கிவிடுகிறது. வேற்றுமைதான் வேறு. நாம் 'எனக்கு' என்னுமிடத்தில் அவர்கள் 'நான்' என்கிறார்கள். 'உன்னை' என்னுமிடத்தில் 'உன்னிலிருந்து' என்கிறார்கள்.

இரண்டும் உறவுச் சொற்களோ என்று எனக்கும் ஆசை எழுந்தது. 1856இல் கால்டுவெல், பின்னிஷ் சேர்ந்த மொழிக் குடும்பத்தோடு திராவிடத்துக்கு உறவு தேடினார். பின்னர் பரோவும் அவ்வழியில் சில சொற்களை ஒப்பிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தற்செயல் ஒற்றுமைக்குத் தலைப்புப் போடத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன்.

உரை நிகழ்த்துவதும், வாக்கைக் காப்பதும், கணக்கு எழுதிவருவதும் அவர்களுக்கு இதே வினைதான். ஒரு தகவல் உண்மை என்பதற்கு 'பித்தா பைக்கன்சா' என்பார்களாம். 'தன் இடத்தைப் பிடித்து நிற்கிறது' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். இத்தனை ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

கடமையைக் குறிக்கவும் இவ்வினை வரும். அப்போது 'நான்' என்பது 'மினுன்', அதாவது 'என்னுடைய' என்றாகிவிடும். 'மினுன் பித்தா மென்னா' என்றால் 'நான் போக வேண்டும்'. இறந்தகாலத்தில் 'பித்தி'. இதில்தான் நுட்பம் இருக்கிறது. 'போக வேண்டியிருந்தது' என்று மட்டும் அதற்குப் பொருளில்லை. 'போவதாக இருந்தேன், போகவில்லை' என்பதும் பெரும்பாலும் சொல்லாமலே அதற்குள் அடங்கிவிடும்.

நண்பன் உதாரணம் சொன்னான்: "மினுன் பித்தி துல்லா. நான் வருவதாக இருந்தேன், மச்சான்."

அவனுடைய தாயார் 2019இல் பருத்தித்துறையில் காலமானார். அவனுக்கு வர இயலவில்லை. அதற்கு இரு மாதங்கள் முன்னர், "அம்மாவை ஒருக்கால் போய்ப் பார்" என்று என்னிடம் கேட்டிருந்தான். கொழும்பிலிருந்து ஓர் இரவுப் பயணம். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று நாள் கடத்தினேன். ஏன் போகவில்லை என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை.

"மினுன் பித்தி மென்னா" என்றேன்.

சற்று நேரம் தொலைபேசியில் ஒலியே இல்லை. பிறகு, ஈற்றுயிரை இன்னும் அகலமாக உச்சரிக்க வேண்டும் என்று மட்டும் திருத்தினான்.