ஓடாத மோட்டாருக்கு என்ன விலை?



உங்கள் லயத்துக்குப் பின்னாலோ, பழைய ஸ்டோர் ஓரத்திலோ ஒன்று நிச்சயம் கிடக்கும். கோணிச் சாக்கு போர்த்தி, மேலே கோழி அடைந்து, டயர் மண்ணோடு மண்ணாகிப் போன ஒரு பழைய மோட்டார். தாத்தா ஓட்டியது என்பீர்கள். சித்தப்பா ஓட்டியது என்பீர்கள். என்றைக்காவது ஒருநாள் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, "இதைக் கொடுப்பீங்களா?" என்று கேட்பார். அப்போது என்ன விலை சொல்வீர்கள்? வாங்கப் போகிறவர் நீங்களானால் என்ன விலை கொடுப்பீர்கள்?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் போய் வந்த ஒரு பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள், என் மாணவன் ஒருவனின் தகப்பனார் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், எங்க சின்னம்மா இருக்கிற தோட்டத்துல டிரெசரய்யாவோட பி.எஸ்.ஏ. ஒண்ணு கிடக்கு. இரும்புக் கடைக்காரன் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிட்டான்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, பால் வெட்டப் போன என் அப்பாவைப் பாம்பு தீண்டிவிட்டது. லாரி இல்லை, கார் இல்லை. எங்கள் தோட்டத்து டிரெசர் தம்முடைய பி.எஸ்.ஏ. மோட்டாரில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அப்போதே அது கிழட்டு வண்டி. ஆனாலும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில், மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரின் வேனில் கிளம்பினோம். சட்டைப் பையில் 1,500 வெள்ளி. மனத்தில் ஒரு திட்டம்: 800 வெள்ளியில் பேச்சைத் தொடங்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

பீடோரில் பசியாறினோம். சாலையோரக் கடைகளில் கொய்யாவும் பெத்தாயும் தொங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து மேற்கே திரும்பினால் இருபுறமும் செம்பனைதான். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்கள். பால்மரக் காட்டுக்குள் காலை வெளிச்சம் சல்லடையாக இறங்கும். செம்பனையின் அடியிலோ பகலிலும் ஓர் இருட்டு.

தெலுக் இந்தானில் வேனை நிறுத்திச் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தோம். 1982-க்கு முன் இந்த ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். கோபுரத்தை 1885-இல் கட்டியவர் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றே மாடி. மேலே கடிகாரம், உள்ளே ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி. அடிமண் இளகியது, பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டது. என் மைத்துனர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, வெளியே எட்டுன்னு விலை பேசிட்டு, உள்ளே போய்ப் பார்த்தா மூணு. மோட்டார் வாங்கும்போதும் இதை மறந்துடாதீங்க" என்றார். பட்டறைக்காரருக்கு எதைப் பார்த்தாலும் தொழில் ஞாபகம்தான்.

பாகான் டத்தோ சாலையில் சிறிது தூரம் சென்று, ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இன்னும் சில மாதங்களில் அந்தப் பெயரே இருக்காது. நிலம் கைமாறிவிட்டது. வீடுகள் எழும்பப் போகின்றனவாம். லயங்களில் பாதி காலி. கதவில்லாத வீட்டுக்குள் ஆடு நின்று எங்களைப் பார்த்தது. முனியாண்டி கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருந்தது.

டிரெசரம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மகள் வீட்டுக்குப் போகப் போகிறார். அது நான்காவது மாடி. "மனுஷியே ஏறிப் போக முடியலே, மோட்டாரை எங்கே ஏத்துறது?" என்று சிரித்தார். என்னை அழைத்து வந்தவர், "பள்ளிக்கூடத்து வாத்தியாரு" என்று அறிமுகப்படுத்தினார். அவ்வளவுதான். அந்த அம்மா சொன்னார்:

"இரும்புக்காரன் 90 வெள்ளி சொன்னான். எனக்கு என்னா தெரியும்? நீங்க வாத்தியாரு. நீங்க பார்த்து ஒரு வெலையைச் சொல்லுங்க. அதையே வாங்கிக்கிறேன்."

வாசகர்களே, அந்த நேரத்தில் என் நிலையை எண்ணிப் பாருங்கள். வாங்க வந்தவன் நான். விலை சொல்ல வேண்டியவனும் நானே. பையில் இருந்த 800 என்ற எண்ணம் முள்ளாகக் குத்தியது.

சாக்கை விலக்கினோம். 1950-களின் முற்பகுதியில் வந்த பி.எஸ்.ஏ. பாண்டம், டி1 ரகம். பெட்ரோல் டாங்கியில் அந்த வெளிர் பச்சைச் சாயம் திட்டுத் திட்டாக இருந்தது.

இந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம். பாண்டமின் மூல வரைபடமோ ஜெர்மனியைச் சேர்ந்தது, டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், நஷ்ட ஈடாக அந்த வரைபடம் வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போனது. பி.எஸ்.ஏ. அதைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி, 1948-இல் பாண்டம் என்று வெளியிட்டது. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான 1955-ஆம் ஆண்டு ஒய்.ஏ.1-உம் அதே ஜெர்மானிய வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாண்டம்கள் உருவாயின. 'பாண்டம்' என்றால் சிறிய சாதிக் கோழி. அந்தக் கோழிக்குப் பெயர் வந்ததோ ஜாவாத் தீவின் பந்தன் துறைமுகத்திலிருந்து. ஆக, நம் பக்கத்து ஊர்ப் பெயர்தான் இங்கிலாந்து போய் மோட்டாராகத் திரும்பி வந்திருக்கிறது!

பெருமை இருக்கட்டும்; விலைக்கு வருவோம். ஓடாத வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எஞ்சினை என்று நானும் நினைத்திருந்தேன். மைத்துனர், "கிராண்டு இருக்காம்மா?" என்று கேட்டார். டிரெசரம்மா பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து வந்தார். வண்டியின் கழுத்தில் வெட்டிய சட்ட எண்ணையும், எஞ்சினில் வெட்டிய எண்ணையும் துணியால் துடைத்து, காகிதத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். இரண்டும் பொருந்தின. பொருந்தாவிட்டாலும், கிராண்டே இல்லாவிட்டாலும், அந்த மோட்டார் சாலையில் ஓடத் தகுதி பெறுவது பெரும்பாடு. அப்போது அது உதிரிப் பாகங்களின் குவியல்தான். விலையும் அந்த அளவுக்குத்தான்.

அடுத்து எஞ்சின். கிக்கரை மிதித்தால் அசையவில்லை. மிதித்து உடைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினார் மைத்துனர். டிரெசரம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தோம். மூன்றாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். பலமுறை அசைத்தபின் 'டக்' என்று ஒரு சத்தம், பிஸ்டன் இளகிவிட்டது. எஞ்சின் அடியோடு இறுகிப் போயிருந்தால் கணக்கே வேறு.

பிறகு நட்டுகளைப் பார்த்தோம். இந்தக் காலத்து ஆங்கில வண்டிகளுக்கு நம் பட்டறையில் உள்ள மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தாது. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டுகளை எண்ணினால், விவரம் தெரியாத கை எத்தனை முறை உள்ளே புகுந்தது என்று தெரிந்துவிடும். இந்த வண்டியில் ஒன்றுகூட மழுங்கவில்லை. டிரெசரய்யா ஊசி மருந்து போடுகிற கையாலேயே மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் பையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து, டிரெசரம்மா கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே கணக்கெழுதினேன். மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர், இதே ரக வண்டியை, ஓடுகிற நிலையில், கிராண்டோடு 9,000 வெள்ளிக்கு வாங்கியிருந்தார். அதிலிருந்து செலவைக் கழிக்க வேண்டும். எஞ்சின் பிரித்து பேரிங், பிஸ்டன் மாற்ற 1,600. மேக்னட், ஒயர் 700. டயர், செயின், கேபிள் 600. டாங்கி, கார்புரேட்டர் சுத்தம் செய்ய 300. சீட்டும் எக்ஸோஸும் 800. சாயம் 900. பெயர் மாற்றும் அலைச்சலுக்கு 200. மொத்தம் 5,100. மீதி 3,900. பிரித்துப் பார்க்காமல் தெரியாத பழுதுக்காக இன்னொரு 1,000 கழித்தேன். 2,900 வெள்ளி வந்தது.

அந்த அம்மா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன்னு, எறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. நான்தான் 90 வெள்ளிக்குக் கொடுத்திருப்பேன்" என்றார். நான் 800 நினைத்து வந்ததை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டியிருந்தது. வண்டியின் எண் பேராக் மாநிலத்தின் 'ஏ' எழுத்தோடு தொடங்கும் பழைய எண். இப்படிப்பட்ட எண்ணுக்கென்றே தனியாக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் வண்டியைவிட எண்ணுக்கு மதிப்பு அதிகம். "அதை விசாரித்துவிட்டு விற்றால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம். பத்து நாள் பொறுத்து, மகளிடமும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன். மைத்துனர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டிரெசரம்மா வண்டியின் அருகே போய், துருவேறிய எண் தகட்டை முந்தானையால் துடைத்தார். "ராத்திரியிலே இந்த நம்பரைப் பார்த்துட்டுத்தான் லயத்துல எல்லாரும் 'டிரெசர் வந்துட்டாரு'ன்னு மூச்சு விடுவாங்க. நம்பர் வேற, மோட்டார் வேறன்னு பிரிக்கவேணாம். பிரிக்கமாட்டேன்னு சொல்லுங்க, நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

சொன்னேன். பத்து நாள் கழித்து மகளே தொலைபேசியில் சம்மதம் சொன்னார். 1,500 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தேன். மீதி 1,400-ஐப் பெயர் மாறிய பிறகு கொடுப்பதாக எழுதிக்கொண்டோம். உரிமையாளர் இறந்துவிட்டால், ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்ற வாரிசுரிமைக்கான கடிதம் வேண்டும். அதற்கு அமானா ராயா போன்ற அலுவலகங்களை நாட வேண்டும். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் காகிதத்துக்கு அலைந்தவர்கள் பலர். அலைச்சல் எனக்கும் சில மாதங்கள் இருந்தது. முடிந்த அன்றே மீதிப் பணத்தை நான்காவது மாடிக்கு ஏறிப் போய்க் கொடுத்தேன்.

நீங்கள் விற்பவராக இருந்தால், கேட்டவுடன் விலை சொல்லிவிடாதீர்கள். கிராண்டைத் தேடி எடுங்கள். இரண்டு பேரிடம் விசாரியுங்கள். வாங்குபவராக இருந்தால், எதிரில் இருப்பவர் காதில் விழும்படி கணக்குப் போடுங்கள். உரக்கச் சொல்லக் கூசுகிற விலை நியாயமான விலையாக இருக்காது.

இதை எழுதும் இன்றுவரை அந்த மோட்டார் ஓடவில்லை. எஞ்சின் பிரித்தபடி பட்டறையில் இருக்கிறது. நான் ஒதுக்கிய அந்த 1,000 வெள்ளிக்கும் வேலை வந்துவிட்டது. மாதம் ஒருமுறை டிரெசரம்மா தொலைபேசியில் கேட்பார்:

"சத்தம் வந்துச்சா வாத்தியாரே?"

"இன்னும் இல்லேம்மா."

"வரும். பொறுமையாப் பாருங்க" என்பார்.