பிடிச்ச உடனே தூக்கா? நாசிக் வழக்கைக் கொஞ்சம் கேளுங்க

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவுறப்போ, வீடு புகுந்து கொள்ளையடிக்கிறவங்களப் பத்திப் பேச்சு வந்துச்சு. "பிடிச்ச உடனே தூக்குல போடணும் அண்ணே, எதுக்கு இத்தனை வருஷம் அப்பீல்?"னு ஒரு தம்பி கேட்டாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. பாதி வீட்டுல ஆம்பளைங்க நைட் ஷிப்ட், பயம் நியாயம்தான். அங்க அரைகுறையா சொன்னத இங்க முழுசா எழுதுறேன்.

இந்தியாவுல நாசிக் பக்கம், 2003 ஜூன் 5 ராத்திரி. கொய்யாத் தோட்டத்துல குடியிருந்த ஒரு குடும்பத்து வீட்டுல கும்பல் புகுந்துச்சு. கிடைச்சது 3,000 ரூபாயும் கொஞ்சம் நகையும்தான். அதுக்கு அஞ்சு உயிர் போச்சு. பெண் பிள்ளைக்கு நடந்த கொடுமைய எழுதக் கை வரல. தாயும் ஒரு மகனும் மட்டும் பிழைச்சாங்க.

ஆறு ஏழைக் கூலிகளப் பிடிச்சாங்க. 2006-ல ஆறு பேருக்கும் தூக்கு. 2007-ல உயர் நீதிமன்றம் மூணு பேருக்கு ஆயுள் தண்டனையா குறைச்சது. 2009-ல உச்ச நீதிமன்றம், இல்ல, ஆறு பேருக்குமே தூக்குன்னு சொல்லிருச்சு. தம்பி சொன்ன மாதிரி செஞ்சிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

2019 மார்ச் 5, அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதின்னு விடுதலை பண்ணுச்சு. சம்பவம் நடந்த ரெண்டாவது நாளே அந்தத் தாய் போலீஸ் காட்டின போட்டோவுல வேற நாலு பேரை அடையாளம் காட்டியிருக்காங்க. அந்த நாலு பேர் மேல வழக்கே போடல! உள்ள இருந்த ஆறு பேர்ல ஒருத்தன் அப்போ 18 வயசு ஆகாத பையன். 16 வருஷம் போனதுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. பிள்ளைகளப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கும் 16 வருஷம் கழிச்சு "இவங்க இல்ல"ங்கிற பதில்தான் கிடைச்சது.

நம்ம நாட்டுல 2023 ஜூலை 4-லேர்ந்து கட்டாய மரண தண்டனை இல்ல. தூக்கே போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. கொலைக்குத் தூக்கு குடுக்கலாம், இல்லன்னா 30-லேர்ந்து 40 வருஷம் சிறை, ஆம்பளைன்னா 12-க்குக் குறையாம ரோத்தான். 50 வயசு தாண்டினவங்களுக்கு ரோத்தான் கிடையாது. 30 வருஷம் என்ன சலுகையா?

ஏற்கெனவே தண்டனை வாங்கின ஆயிரத்துக்கும் மேல உள்ளவங்க கூட்டரசு நீதிமன்றத்துல மறுஆய்வு கேட்க 2023-ல வழி விட்டாங்க. ஆனா அங்க தண்டனையக் குறைக்கலாமான்னு மட்டும்தான் பார்த்தாங்க, குத்தம் செஞ்சானா இல்லையான்னு பார்க்கல. நாசிக் மாதிரி ஆள் மாறியிருந்தா அது உதவியிருக்காது. அதனாலதான் அப்பீல் மெதுவா நடந்தாலும் பரவாயில்லைன்னு நான் சொல்றேன்.

இன்னொண்ணு. நான் அர்ச்சனை சீட்டு எழுதுற மேசைக்கு, உள்ள இருக்கிற பிள்ளை பேருக்கு சீட்டு கேட்டும் சில அம்மாமார் வருவாங்க. பேரும் நட்சத்திரமும் மட்டும் கேட்டு எழுதிக் குடுப்பேன். கொலையானவங்க வீட்டுக்காரங்க மோட்ச தீபம் ஏத்த வந்தாலும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கலாம். பின்னாடி நிக்கிறவங்க தயவுசெஞ்சு முணுமுணுக்காதீங்க, அவங்க காதுல விழுது.